பிணையாகச் சென்ற பிள்ளைகள்

பெங்களூருக்கு மாற்றலாகி வந்து மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரே, திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனையைக் காணும் வாய்ப்பு அமைந்தது. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பூக்கூடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே வழி கண்டு நடந்தால் கோட்டை வேங்கடரமணர் கோயில் வரும். கோயிலுக்கு அண்டை வீடுபோல் நிற்கிறது அரண்மனை. பத்து வயது மகள் உடன் வந்திருந்தாள்.

மைசூர் அரண்மனையை மனத்தில் கொண்டு வருவோர் சற்றே ஏமாறக்கூடும். இங்கே பொன் முலாமும் வண்ணக் கண்ணாடியும் இல்லை; எல்லாம் தேக்கு மரம். கல் பீடங்களின்மேல் உயர்ந்த தூண்கள், அவற்றை இணைக்கும் மடிப்பு மடிப்பான வளைவுகள், சுவரிலும் விதானத்திலும் மங்கிய பூவேலை ஓவியங்கள். ஹைதர் அலி 1781இல் தொடங்கிய பணியை அவர் மகன் திப்பு 1791இல் முடித்தார். சுவர்க்கமும் பொறாமை கொள்ளும் மாளிகை என்று பாரசீக மொழியில் பொறித்தும் வைத்தார். ஆனால் அதே 1791இன் மார்ச்சு மாதத்தில்தான் காரன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது.

கீழ்த்தளத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் உள்ளது. ஆங்கிலச் சிப்பாயின்மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலியின் மாதிரி வடிவத்தைச் சிறுவர்கள் சூழ்ந்து நின்றார்கள். மூலப் புலி இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் ஓர் இசைக்கருவியும் உண்டு.

திப்புவை வாளோடும் புலியோடும் மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வங்கித் தொழிலில் இருப்பவனுக்கு அவருடைய வணிக ஆணைகள் அதைவிடச் சுவையானவை. அரசே வணிக நிலையங்களை நடத்தியது; கடல் கடந்து மஸ்கட்டிலும் ஒன்று இருந்தது. அந்த வணிகத்தில் குடிமக்களும் பணம் இட்டு இலாபத்தில் பங்கு பெறலாம் என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதில் சிறு தொகை இட்டவருக்கு இலாப விகிதம் அதிகம், பெருந்தொகை இட்டவருக்குக் குறைவு. இன்று எங்கள் கிளைக்கு வந்து இப்படி ஒரு திட்டம் கேட்டால் நான் புன்னகைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

கடன் பிரிவில் பணியாற்றும் எனக்கு, அந்தத் தூண்களிடையே நின்றபோது வேறொரு கணக்கே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டபோது திப்பு உடன்படிக்கைக்கு இசைந்தார். ஆட்சிப் பரப்பில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். அதில் பாதி உடனடியாக, மீதி தவணைகளில். தவணைக்குப் பிணை, அவருடைய பிள்ளைகள் அப்துல் காலிக், முயிசுத்தீன் ஆகிய இருவர். இருவரும் பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் யானைமேல் ஏற்றிப் பாளையத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். காரன்வாலிஸ் கைபற்றி வரவேற்று ஆளுக்கு ஒரு தங்கக் கடிகாரம் பரிசளித்தார். பின்னர் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதை மகளிடம் சொல்லியபோது அவள் கேட்டாள்: "பணம் கட்ட முடியாமப் போயிருந்தா, அந்தப் பசங்களை என்ன பண்ணியிருப்பாங்கப்பா?"

விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டுப் பத்திரத்தை என் மேசைமேல் வைத்த பின்னும், அதிலிருந்து கையை எடுக்கச் சிறிது நேரம் தயங்கும் வாடிக்கையாளர்களைக் கண்டிருக்கிறேன். தவணை முடிந்து பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அவர்கள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்ப்பதையும் கண்டிருக்கிறேன். "கட்டிட்டாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். 1794இல் சிறுவர்கள் இருவரும் தேவனஹள்ளியில் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இன்று விமான நிலையம் இருக்கும் திசையிலுள்ள அந்த ஊர், திப்பு பிறந்த ஊரும் ஆகும்.

மேல்தளத்துக்கு ஏறினோம். உப்பரிகையில் அமர்ந்து அரசர் முறை கேட்ட இடம் அது. 1831இல் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் நேரடியாக எடுத்துக்கொண்ட பின், இந்த மண்டபங்களில் அரசுத் தலைமைச் செயலகம் இயங்கியது. பூவேலை விதானத்தின்கீழ் எழுத்தர்கள் குனிந்து கணக்கெழுதும் காட்சியைக் கற்பனை செய்ய எனக்குச் சிரமமே இல்லை. இடம் போதாமல் 1868இல் அட்டாரா கச்சேரிக்கு, அதாவது பதினெட்டு அலுவலகங்களுக்கென எழுப்பப்பட்ட செங்கட்டடத்துக்கு, செயலகம் இடம்பெயர்ந்தது. இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம் அதுவே.

1799 மே 4இல் திப்பு போரில் மாண்டார். அவருடைய அரியணை துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, வென்ற படையினருக்குக் கொள்ளைப் பங்காகப் பிரித்தளிக்கப்பட்டது. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அது அடக்கப்பட்ட பின், கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இம்முறை தவணையும் இல்லை, மீட்பும் இல்லை.

சென்னையில் வாழும் வாசகர்கள் இக்கதையின் ஒரு துண்டைத் தம் ஊரிலேயே காணலாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை நிற்கிறது. சிலையை விட்டுவிட்டு அதன் பீடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. வரும் தசரா விடுமுறைக்கு மயிலாப்பூரில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது அதைக் காட்ட வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.