மலேரியா ஒழிப்பு: கடைசி மாத்திரை வரை

நடுக்கத்துடன் வந்த காய்ச்சல் மூன்றே நாட்களில் தணிந்துவிடுகிறது. பசியும் உறக்கமும் திரும்புகின்றன. மருத்துவர் பதினான்கு நாட்களுக்கு எழுதித் தந்த மாத்திரைகளில் பாதிக்கு மேல் அலமாரியில் தங்கிவிடுகின்றன. "உடம்புதான் தேறிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று நோயாளி கேட்க, வீட்டாரும் அதை ஒப்புக்கொள்கின்றனர். மலேரியாவைப் பொறுத்தவரை இது தவறான முடிவு. இதே தவற்றை நாடுகளும் ஒருகாலத்தில் செய்து, அதன் விளைவைப் பெரும் துன்பத்துடன் அனுபவித்திருக்கின்றன.

நமக்கு மிக அருகிலுள்ள சான்று இலங்கை. 1934–35ஆம் ஆண்டுகளில் அங்குப் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளித்தும், காய்ச்சல் கண்டவர்களைத் தேடிச் சென்று சிகிச்சை அளித்தும் நோயைக் கட்டுப்படுத்தினர். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டுமே. இனி அச்சமில்லை என்று கருதி மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

இந்தியாவின் வரலாறும் இதைப் போன்றதே. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர் என்றும், 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1965இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. அதன்பின் முயற்சியில் தொய்வு ஏற்பட்டது. கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்பாற்றலும் பெற்றன. 1976இல் நோயாளிகள் 64 லட்சமாகப் பெருகினர்.

நோய் குறைந்துவிட்டதைக் கண்டு, அது ஒழிந்துவிட்டதாக எண்ணியதே இரு நாடுகளிலும் நேர்ந்த பிழை. நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மலேரியா ஒட்டுண்ணிகள் வைவாக்ஸ், பால்சிபாரம் என இருவகை. வைவாக்ஸ் வகைக்குக் குளோரோகுயின் மாத்திரை மூன்று நாட்கள் தரப்படுகிறது. அது இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளை அழிப்பதால் காய்ச்சல் நிற்கிறது. ஆனால் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணிகளை அது அழிப்பதில்லை. அவற்றை அழிப்பதற்கே பிரைமாகுயின் மாத்திரை பதினான்கு நாட்கள் தரப்படுகிறது. அதை இடையில் நிறுத்தினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்த ஒட்டுண்ணிகள் விழித்தெழுந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கலாம். அப்போது நோயாளியைக் கடிக்கும் அனோபிலஸ் கொசுவின் வழியாக வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நோய் பரவக்கூடும். பால்சிபாரம் வகை உயிருக்கே ஊறு விளைவிக்கவல்லது. அதற்கான சிகிச்சை வேறு. ஆகவேதான் மருந்து தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தருவதில்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் சிறுநீர் கருநிறமாக மாறினாலோ, கண்கள் மஞ்சளானாலோ, மிகுந்த சோர்வு தோன்றினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இத்தகைய அறிகுறி எதுவும் இல்லாதபோது, காய்ச்சல் நின்றது என்பதற்காக மட்டும் மாத்திரையை நிறுத்தலாகாது.

இலங்கை தன் பிழையைத் திருத்திக்கொண்டது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் அங்கு மலேரியாத் தடுப்புப் பணி கைவிடப்படவில்லை. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா மூன்றாண்டுகளுக்கு மேல் அங்குக் காணப்படவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதன் பின்னரும் வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் நோய் உள்ளதா என்று அந்நாடு கவனித்து வருகிறது. 2021இல் சீனாவும், 2024இல் எகிப்தும் அதே சான்றைப் பெற்றன. எனினும் 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அக்குழந்தைகளுக்காக இப்போது இரண்டு தடுப்பூசிகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

இந்தியா 2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிக்க இலக்கு வகுத்துள்ளது. இதில் சங்கரன்கோவில் வட்டாரக் குடும்பங்களுக்கும் பங்குண்டு. வேலையின் பொருட்டு வெளிமாநிலங்களுக்குச் சென்று திரும்புவோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சென்று வந்த ஊரையும் மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் உள்ள நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. ஆதலால் தொட்டிகளை இடைவெளியின்றி மூடிவையுங்கள். இக்கொசு இரவில் கடிப்பதால், உறங்கும்போது கொசுவலையைப் பயன்படுத்துங்கள்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. நாட்காட்டியில் பதினான்கு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் உணவுக்குப் பின் மாத்திரை கொடுத்ததும் அந்நாளை அடித்துவிடுங்கள். பதினான்காம் நாளையும் அடித்த பிறகே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.