எருக்குழியில் விழும் கேரி பேக் எங்கே போகிறது?



சாணம், சாம்பல், வீடு கூட்டிய குப்பை எல்லாவற்றையும் ஒரே எருக்குழியில் கொட்டுவது நம் பழக்கம். அந்தக் காலத்தில் அதில் மக்காத பொருள் அநேகமாக இருக்காது. இன்று ஷாம்பு பாக்கெட், கேரி பேக், மசாலா கவர், கிழிந்த உரச்சாக்கு எல்லாம் சேர்ந்தே விழுகிறது. அந்த எருவைத்தான் மரவள்ளிக் காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் அடிக்கிறோம். எருவோடு பிளாஸ்டிக்கும் வயலுக்குப் போகிறது.

நுண்பிளாஸ்டிக் என்றால் என்ன?

"வெயில்ல காஞ்சு பொடிப்பொடியா போயிடுதே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பொடிவது வேறு, மக்குவது வேறு. வாழைமட்டை மக்கினால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் பொடிந்தால் ஒவ்வொரு துகளும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். சாமை அரிசி அளவிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத அளவிலும் இருக்கும்.

உயிர்களுக்கு என்ன பாதிப்பு?

மண்புழு: 2016-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வில், சருகோடு அதிக அளவு பிளாஸ்டிக் துகள் கலந்து கொடுத்தார்கள். புழுக்களின் வளர்ச்சி குறைந்தது, 60 நாளில் சாவும் கூடியது. நம் வயலில் இன்று அவ்வளவு இல்லாமல் இருக்கலாம். ஆனால் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகிறதே!

கறவை மாடு: 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். குழுக் கடனில் மாடு வாங்கியவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாடு படுத்துவிட்டாலும் தவணை நிற்காது.

மனிதர்கள்: 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்தது. அது உடம்பை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

மலையில் போட்டால் கீழே வரும்

கல்வராயன் மலையில் எறியும் கவர் மழையில் ஓடையோடு இறங்கி கோமுகி ஆற்றில் சேர்கிறது. அங்கிருந்து அணைக்கு, அணையிலிருந்து பாசன வாய்க்காலுக்கு. மலை ஊர்ச் சகோதரிகளும் கீழ் ஊர்ச் சகோதரிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். நச்சுப்புகை வரும், சாம்பலிலும் உருகிய துணுக்குகள் மிஞ்சும்.

நாம் என்ன செய்யலாம்?

1. வாசலில் ஒரு சாக்கைக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக்கை அதில் மட்டும் போடுவோம். நிறைந்ததும் தூய்மைக் காவலரிடம் கொடுப்போம்.

2. எரு அடிக்கும் முன் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுப்போம். வயலில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, நாற்றுப் பைகளையும் விடாமல் எடுப்போம்.

3. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. தையல் தெரிந்த உறுப்பினர்கள் துணிப்பை தைத்தால் குழுவுக்கும் வருமானம்.

4. குழுக் கூட்டத்தில் டீ டம்ளரிலேயே கொடுப்போம். பேப்பர் கப்பின் உட்புறமும் பிளாஸ்டிக் பூச்சுதான்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். மாசா மாசம் சேமிப்பைச் சரிபார்ப்பது போல, எத்தனை வீட்டில் சாக்கு தொங்குகிறது என்றும் சரிபாருங்கள். மண்ணும் நம் பிள்ளைகளுக்கான சேமிப்புதானே!