நம் தேயிலை போய்ச் சேரும் வீடு



அஸருக்குப் பிறகு அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறீர்கள். சாயம் இறங்கியதும் கோப்பையில் ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிக்கிறீர்கள். பதுளைக் கடைவீதி வீடாக இருந்தாலும், பசறைப் பக்கத்துத் தோட்ட லயமாக இருந்தாலும் இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பனி கொட்டும் ரஷ்யாவிலும் இப்படி ஒரு பழக்கம் உண்டு என்றால் நம்புவீர்களா? அங்கே பழைய தலைமுறையினர் சீனிக்கட்டியைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, பாலில்லாத தேநீரை உறிஞ்சிக் குடிப்பார்கள். அந்தக் கோப்பையில் இருப்பது நம் ஊவா மலைக் கொழுந்தாகவும் இருக்கலாம். இலங்கைத் தேயிலையை அதிகமாக வாங்கிவந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. நம் தேயிலை அந்த வீட்டுக்குள் போகிறது. அந்த வீட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

சமோவார் என்னும் தோழி

ரஷ்ய அரச மாளிகைக்குத் தேயிலை முதன்முதலாக 1638இல் மங்கோலியாவிலிருந்து அன்பளிப்பாக வந்தது என்பார்கள். பிறகு சீனத்திலிருந்து ஒட்டக வணிகக் கூட்டங்கள் பல மாதம் நடந்து அதைக் கொண்டுவந்தன. இலங்கையில் 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டார். தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல்.

ரஷ்ய வீட்டின் நடுநாயகம் சமோவார். துலா என்ற நகரில் லிசீத்சின் சகோதரர்கள் 1778இல் இதைச் செய்யத் தொடங்கினார்கள். செம்பாலோ பித்தளையாலோ ஆன பெரிய பாத்திரம். நடுவில் ஒரு குழாய். குழாய்க்குள் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும். உச்சியில் ஒரு சிறு கேத்தலில் கெட்டிச் சாயம் சூடாக இருக்கும். கோப்பையில் கொஞ்சம் சாயத்தை ஊற்றி, சமோவாரின் குழாயைத் திருகி வெந்நீர் கலந்துகொள்ள வேண்டியதுதான். வந்தவர் எழுந்து போகும்வரை தண்ணீர் ஆறாது. நம் வீட்டுச் சாயக் கேத்தலும் அதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன!

ஒரு வண்டு சொன்ன பாடம்

2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் விவசாயப் பொருட்களுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அந்த மாத இறுதியிலேயே தடை நீங்கியது. ஆனாலும் அந்தச் சில நாட்கள் தேயிலைத் தொழிலையே கலக்கிவிட்டன. எங்கோ எடுக்கும் ஒரு முடிவு, கூடை சுமக்கும் பெண்ணின் சம்பளத்தைத் தொடும். அவளை நம்பிக் கடை வைத்திருக்கும் நம் குடும்பத்தின் வருமானத்தையும் தொடும். அந்த நாட்டை வெறும் விலைப்பட்டியலாக மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதுமா?

மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

ஓரன்பூர்க் என்பது ஊரல் மலைப் பக்கத்து ஊர். அங்கே ஆட்டின் உடலோடு ஒட்டிய மென்ரோமத்தைச் சீப்பால் வாரியெடுத்து, நூலாக்கி, பெண்கள் கையால் சால்வை பின்னுகிறார்கள். ரஷ்யப் பெண்களோடு தாத்தார், பாஷ்கிர், கஸாக் முஸ்லிம் பெண்களும் வளர்த்த கலை இது. சிலந்தி வலைபோன்ற பெரிய சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டுவார்கள். 1862இல் லண்டன் கண்காட்சியில் உஸ்கோவா என்ற ஓரன்பூர்க் பெண் தன் சால்வைகளுக்காகப் பதக்கம் பெற்றார்.

அந்த ஆடுகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் வளர்த்தபோது, குளிர் குறைந்ததால் ரோமத்தின் தரமே மாறிவிட்டதாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்று இல்லாவிட்டால் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருமா? இதுவும் அப்படித்தான்.

இங்கே ஒன்றை யோசியுங்கள். நம் வீட்டுப் பெண்கள் பின்னும் தொழுகைத் தொப்பிக்கும், தைக்கும் பூவேலைக்கும் ஏன் ஊர்ப் பெயரோ பின்னியவளின் பெயரோ இல்லை?

நம்மவர்களும் அங்கே உண்டு

ரஷ்யா என்றதும் பனியும் போரும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் வொல்கா நதிக்கரைக்கு இஸ்லாம் வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. 922இல் பக்தாத் கலீபாவின் தூதுக்குழுவுடன் இப்னு பழ்லான் அங்கே சென்று பயணக் குறிப்பு எழுதினார். 1787இல் பீட்டர்ஸ்பர்க்கில் குர்ஆன் அச்சானது. பின்னர் கஸான் நகரப் பதிப்புகள் உலகெங்கும் புகழ்பெற்றன. 1552இல் அழிந்த கஸானின் குல் ஷரீப் பள்ளிவாசல் மீண்டும் எழுந்து 2005இல் திறக்கப்பட்டது. தாத்தார் வீட்டு விருந்தில் மாவைச் சிறு துண்டுகளாகப் பொரித்துத் தேனில் பிசைந்த ‘சக்சக்’ இல்லாமல் இருக்காது. பெருநாள் பலகாரம் சுடும் உங்கள் கைக்கு இது புதிதா என்ன?

இரு மொழியில் ஒரு கதை

இந்த உலகம் நம் நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் புத்தகங்கள் வழியாகத்தான். மாஸ்கோவில் அச்சான மலிவு விலைப் புத்தகங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வந்தன. கிர்கீஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ், அநாதைச் சிறுமி அல்தினாயைப் பற்றி ஒரு கதை எழுதினார். குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கிய ஓர் ஆசிரியர், குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடக்கிறார். அந்தச் சிறுமியைக் கட்டாயக் கல்யாணத்திலிருந்து மீட்டுப் படிக்க அனுப்புகிறார். சிங்களத்தில் தெதிகம வி. ரொட்ரிகோவின் மொழிபெயர்ப்பில் அது ‘குரு கீதய’, தமிழிலும் வந்தது. ஒரே ஊரில் வேறுவேறு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஒரே சிறுமிக்காகக் கண் கலங்கியிருக்கிறார்கள். ஓடை தாண்டிப் பள்ளி போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதையை விளக்கவா வேண்டும்?

நாமே கூட்டலாம்

கொழும்பில் ரஷ்ய கலாசார நிலையம் இருக்கிறது. ஆனால் பதுளையிலிருந்து ரயிலில் போய்ச்சேர ஒரு பகல் ஆகிவிடும். பிள்ளைகளோடு எத்தனை பேர் போக முடியும்? ஆகவே நாமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம். வீட்டு முற்றமோ, நூலக அறையோ போதும். பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரியையும், தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தமிழ்ச் சகோதரியையும் அழையுங்கள். ஒருவர் கதையைத் தமிழில் சொல்லட்டும், இன்னொருவர் சிங்களத்தில். உலகப்படத்தில் துலாவையும் கஸானையும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். சக்சக் செய்து பாருங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். தோட்டத்துச் சகோதரி காமன் கூத்தைப் பற்றிச் சொல்லட்டும். உங்கள் உம்மும்மா பின்னிய தொப்பியை எடுத்துக் காட்டி, அதைப் பின்னியவரின் பெயரைச் சொல்லுங்கள். 2023இல் இந்தியாவுக்கு அடுத்தபடியாக ரஷ்யாவிலிருந்துதான் அதிகமான சுற்றுலாப் பயணிகள் நம் நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் எல்ல, தெமோதரைப் பாலம் பார்க்க நம் மலைக்கே வருகிறார்கள். நாளை அவர்களில் ஒரு பெண் உங்கள் வாசலில் நின்றால், உள்ளங்கைச் சீனியோடு ஒரு பிளேன்டீ கொடுங்கள். “உங்கள் பாட்டியும் இப்படித்தானே குடிப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள்.