நாலாம் நம்பர் டைமாக்சியன்: பட்டறைக்குள் ஒரு எட்டு

முதலில் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துவிடுவோம். மேலே பார்த்து வாய் பிளக்க அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றே ஒன்று. நம்மூர் ஆட்டோவைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்திய மாதிரி. அது போகட்டும், இனிமேல்தான் கூத்து. என்ஜின் பின்னால் இருக்கிறது, ஆனால் சுழற்றுவது முன்சக்கரங்களை. ஸ்டீயரிங் முன்னால் இருக்கிறது, ஆனால் திருப்புவது பின்சக்கரத்தை! எந்த மெக்கானிக்கிடம் இதன் வரைபடத்தை நீட்டினாலும், "படத்தைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க சார்" என்றுதான் சொல்வார்.

இதுதான் டைமாக்சியன். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1933, 1934 ஆண்டுகளில் சோதனை வண்டிகளாகச் செய்தவை மொத்தமே மூன்று. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்று. அது அமெரிக்காவின் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அப்படியிருக்க, 2010-ல் இங்கிலாந்தில் நாலாவதாக ஒன்று பிறந்தது. பிறந்து நேராகக் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் சொந்தக் கார் சேகரிப்புக்குள் போய் நின்றது. அது எப்படி நடந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்குக் குஷி தாங்கவில்லை.

பெர்லின் ரைஷ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடமும் லண்டனின் 'கெர்கின்' கோபுரமும் ஃபாஸ்டர் கைவண்ணம். கார்ப் பைத்தியம், விமானப் பைத்தியம், இரண்டும் உண்டு. விமானம் ஓட்டத் தெரிந்த மனிதர். லெ கார்பூசியே வைத்திருந்த அதே ரகத்து ஃபிரெஞ்சு வுவாசான் காரும் அவர் சேகரிப்பில் இருக்கிறது. சண்டிகரை வரைந்த அதே கார்பூசியேதான். ஃபுல்லரோடு ஃபாஸ்டருக்கு இருந்தது ஏட்டுப் பழக்கம் இல்லை. 1971-ல் சந்தித்து, 1983-ல் ஃபுல்லர் காலமாகும்வரை இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஃபாஸ்டர் கட்டிய செயின்ஸ்பரி மையத்தைச் சுற்றிப் பார்த்த ஃபுல்லர், இந்தக் கட்டடம் எத்தனை எடை என்று கேட்டாராம். பதில் தெரியாமல் ஃபாஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு குருவின் கனவு வண்டியைச் சிஷ்யன் செய்து பார்க்க ஆசைப்பட்டதில் ஆச்சரியம் என்ன!

ஆசைப்பட்டால் மட்டும் போதுமா? செய்வதற்கு மாதிரி வேண்டுமே. முதல் வண்டி தீயில் எரிந்துபோனது. மூன்றாவதை ஒரு காலத்தில் வைத்திருந்தவர் இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி. அது பல கை மாறி, 1950-களில் பழைய இரும்பாகிப் போனது. மிச்சம் இரண்டாவது. அது பட்ட பாடு சொல்லி மாளாது. கோழிக்கூண்டாகக்கூட இருந்தது என்கிறார்கள். 1960-களின் கடைசியில் அரிசோனா மாணவர்கள் கண்ணில் பட்டு, அப்புறம் சூதாட்ட விடுதி அதிபர் பில் ஹாராவிடம் போய்ச் சேர்ந்தது. ஹாராவின் கார் சேகரிப்பு அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள். அவர் காலத்துக்குப் பின் அதில் ஒரு பகுதிதான் ரீனோவின் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகமாயிற்று. இரண்டாம் டைமாக்சியனும் அங்கேயே தங்கிவிட்டது. வெளிக்கூடு பரவாயில்லை. உள்ளேதான் சீட்டும் இல்லை, சிங்காரமும் இல்லை.

இங்கேதான் ஃபாஸ்டர் தரப்பு ஓர் அருமையான பேரம் பேசியது. வண்டியைக் கொஞ்ச காலம் கடனாகக் கொடுங்கள், அளவெடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு உள்பக்கத்தை எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம். அருங்காட்சியகம் சம்மதித்தது. உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே டைமாக்சியன் இங்கிலாந்துக்குப் பயணமானது. அனுப்பக் கையெழுத்துப் போட்டவருக்கு எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும்!

போன இடம் கிழக்கு சஸெக்ஸில் உள்ள கிராஸ்த்வெயிட் அண்ட் கார்டினர் பட்டறை. பழைய பந்தயக் கார் உலகில் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், மரியாதை தானாக வரும். 1930-களின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களை ஆவுடி நிறுவனத்துக்காக மறுபடி செய்து கொடுத்தவர்கள் இவர்கள். அப்பேர்ப்பட்ட கைகளுக்கே இந்த வேலை இரண்டு வருடம் பிடித்தது.

ஏன் பிடித்தது என்பதற்குத் தகட்டை உரித்துப் பார்க்க வேண்டும். அலுமினியத் தோலுக்கு உள்ளே இரும்புக்கூடு இருக்கும் என்று நினைப்போம். இருப்பதோ ஆஷ் மரச் சட்டங்கள்! வளைத்து வளைத்துப் பொருத்திய மர விலா எலும்புகள். கூரையில் வண்ணம் பூசிய கேன்வாஸ் துணி. பார்த்தால் கார்ப் பட்டறை மாதிரியே இல்லை, படகுத் துறை மாதிரி இருக்கும். காரணம் உண்டு. 1933-ல் ஃபுல்லருக்குத் தோள் கொடுத்தவர் ஸ்டார்லிங் பர்ஜஸ், அமெரிக்கா கோப்பைப் பந்தயப் பாய்க்கப்பல்களை வரைந்த நிபுணர். காற்றுக்கு எந்த வடிவம் வழிவிடும் என்று பார்க்கப் பிளாஸ்டர் மாதிரிகளைச் செய்து கொடுத்தவர், பிற்பாடு உலகப் புகழ் பெற்ற சிற்பி இசாமு நொகுச்சி. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் லோகோமொபைல் கம்பெனி விட்டுப்போன கட்டடம்தான் தொழிற்சாலை. அது பெருமந்த காலம். 27 பேருக்கான வேலைக்கு ஆயிரம் பேர் வந்து நின்றார்கள். முதல் வண்டி வெளியே வந்தது ஜூலை 12, 1933. அன்று ஃபுல்லருக்கு 38-வது பிறந்தநாள்.

இப்போது அந்தத் தலைகீழ் விஷயம். ஃபுல்லர் கிறுக்குத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. அன்றைய புது ஃபோர்டு வி8 என்ஜினை எடுத்துக்கொண்டார், 85 குதிரைசக்தி. அதைப் பின்பக்கம் வைத்து, ஃபோர்டு காரின் பின் அச்சைக் கொண்டுவந்து முன்னால் பூட்டினார். ஒரு சாதாரண ஃபோர்டின் உள்ளமைப்பை முழுசாகத் திருப்பிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். சக்தி வாங்கும் முன்சக்கரங்கள் நேராகவே நிற்கும். பின்னால் இருக்கும் தனிச் சக்கரத்துக்கு இழுக்கும் வேலை கிடையாது, திரும்புவது ஒன்றுதான் வேலை. ஸ்டீயரிங்கிலிருந்து கம்பிவடங்கள் அதுவரை ஓடுகின்றன. அந்தச் சக்கரம் 90 டிகிரி வரை மடங்கும்!

90 டிகிரி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? இருபது அடி நீள வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதா? மூக்கை உள்ளே நுழைத்துவிட்டு வாலைப் பக்கவாட்டில் அப்படியே தள்ளிச் செருகிவிடலாம். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, இன்னொரு தடவை சுற்றிக் காட்டச் சொன்னாராம். அதைப் பார்த்த அடுத்த முனைப் போலீஸ்காரருக்கும் ஆசை வந்துவிட்டதாம். ஃபுல்லரே சொல்லி மகிழ்ந்த கதை இது. விமானி அமீலியா எர்ஹார்ட் இதில் ஏறியிருக்கிறார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். 11 பேர் உட்காரலாம். பின்பக்கக் கண்ணாடி கிடையாது. வாலுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கக் கூரை மேல் ஒரு பெரிஸ்கோப். நீர்மூழ்கிக் கப்பலுக்குரிய சாமானைக் காரில் வைத்த அந்தத் தைரியத்துக்காகவே எனக்கு ஃபுல்லரை ரொம்பப் பிடிக்கும்.

ஓட்டுவது மட்டும் சுலபமில்லை. நம் கார்களில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் சக்கரம் தானே நேருக்கு வரும். இதில் அந்த நல்ல குணம் இல்லை. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வால் முதலில் வலது பக்கம் வீசும். ஓரமாக நிற்கும் எதையும் அது தட்டிவிடலாம். வேகம் கூடக்கூடப் பின்பக்கம் லேசாகி, தரையைப் பிடித்துத் திருப்ப வேண்டிய ஒற்றைச் சக்கரத்தின் பிடி தளரும். பக்கக்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். ஃபுல்லருக்கு இதெல்லாம் தெரியும். அவர் மனசில் இருந்தது வெறும் கார் இல்லை. பின்னாளில் பறக்கப்போகும் ஒரு வாகனத்தின் தரைப்பகுதியைத்தான் முதலில் சோதித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் மோசமான வானிலையில் இதை எடுக்கக் கூடாது என்று எச்சரித்து வைத்திருந்தார்.

1933 அக்டோபர் 27 அன்று சிகாகோவில் முதல் வண்டி விபத்தில் சிக்கி, ஓட்டுநர் பிரான்சிஸ் டர்னர் இறந்துபோனார். இன்னொரு காரும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்து பார்ப்பதற்குள் அதை அங்கிருந்து எடுத்துப் போய்விட்டார்கள். பழி முழுக்க விசித்திர வண்டியின் தலையில் விழுந்தது. விசாரணை வண்டிமேல் குற்றம் காணவில்லை. இருந்தாலும் முதலீட்டாளர்கள் பயந்து ஒதுங்கினார்கள். ஃபுல்லர் தன் குடும்பப் பணத்தைப் போட்டு மூன்றாவதை முடித்து, 1934 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார். அதோடு சரி.

அதனால்தான் 2010-ன் நாலாம் நம்பரைப் பார்த்து இவ்வளவு துள்ளுகிறேன். 76 வருடம் கழித்து அந்த வரிசை எண் ஒன்று கூடியிருக்கிறது. ஃபைபர் வார்ப்பில் ஒரு கூட்டைச் செய்து, உள்ளே புது என்ஜினைப் போட்டு மினுக்கியிருக்கலாம். கண்காட்சிக்கு அதுவே தாராளம். ஃபாஸ்டர் அதைச் செய்யவில்லை. மரச்சட்டம் மரச்சட்டமாகவே வந்தது. ஃபோர்டு வி8 வந்தது. பின்சக்கரம் பின்சக்கரமாகவே திரும்புகிறது, வாலும் பழையபடியே வீசுகிறது. குறையைத் திருத்தாமல் செய்ததுதான் இந்தச் சேகரிப்பாளர் செய்த பெரிய காரியம் என்பேன். திருத்தியிருந்தால் ஃபுல்லர் எங்கே சரியாக நினைத்தார், எங்கே இடறினார் என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. புத்தகத்தில் படிப்பது வேறு, கையில் ஸ்டீயரிங் நடுங்குவது வேறு.

முடிந்த கையோடு மாட்ரிட்டில் ஐவரிபிரஸ் அரங்கில் ஃபுல்லர் பற்றிய கண்காட்சியில் நாலாம் நம்பர் நின்றது. 2022-ல் பில்பாவோ குகன்ஹைமில் ஃபாஸ்டரே பொறுப்பேற்று நடத்திய கார்க் கண்காட்சியிலும் கூட்டம் அதைச் சுற்றி வந்தது.

இந்தக் காய்ச்சல் ஃபாஸ்டரோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஜெஃப் லேன் என்ற சேகரிப்பாளர், எரிந்துபோன முதல் வண்டியின் வடிவத்திலேயே ஒன்றைச் செய்துவிட்டார். ஒரு காலத்தில் ரொட்டித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் இயங்கும் லேன் மோட்டார் மியூசியத்தில் அது இருக்கிறது. அங்கே வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பதுதான் வழக்கம். டைமாக்சியனும் சாலையில் இறங்கியிருக்கிறது. கீழ்த்தளக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் மற்ற அபூர்வங்களையும் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் கிடங்குச் சுற்றுக்கும் சேர்த்தே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.