கன்ஹேரி: மழைநீரைச் சேர்த்து வைத்த மலை

ஆற்றங்கரையில் ஊர்கள் தோன்றுவது இயற்கை. ஏரிக்கரையில் தோன்றுவதும் இயற்கையே. ஆனால் ஆண்டில் எட்டு மாதங்கள் மழையே பெய்யாத ஒரு பாறை மலையின் சரிவில் துறவியர் குடியிருப்பு ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்து இயங்கியது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? மலையடிவாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. அப்படியானால் அங்கு வாழ்ந்தவர்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மும்பை நகரின் வடபகுதியில் உள்ள கன்ஹேரி குகைகளை ஓர் அரை நாள் சுற்றிப் பார்ப்போம். வழிகாட்டியாக நாம் அழைத்துச் செல்லப்போவது பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலைத்தான்.

கருமலை

போரிவிலியை ஒட்டி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்ற காடு இருக்கிறது. அதன் வாயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே சென்றால் கன்ஹேரி மலையை அடையலாம். கிருஷ்ணகிரி, அதாவது கருமலை என்ற பெயரே கன்ஹகிரி என்றாகி, கன்ஹேரி என மருவியது. சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைப் பரப்பின் ஒரு பகுதி இது.

இந்த மலையில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் உள்ளன. இவற்றில் இயற்கையாக அமைந்தவை இல்லை என்றே சொல்லலாம். கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரை புத்த பிக்குகளுக்காக மனிதர்கள் உளியால் குடைந்தெடுத்தவை இவை. கட்டடம் கட்டுவோர் கல்லின்மேல் கல்லை அடுக்குகிறார்கள். குடைவரை அமைப்போரோ வேண்டாத கல்லை நீக்குகிறார்கள். நுழைவாயிலுக்கு அருகிலுள்ள முதலாம் குகையில் இரண்டு அடுக்கு மண்டபம் குடையத் தொடங்கி, வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பருமனான தூண்களும் பாதி நீக்கிய பாறையும் அப்படியே நிற்கின்றன. குடைவரை எப்படி உருவாகிறது என்பதை அறிய, முடிந்த குகையைவிட முடியாத குகையே நல்ல பாடம்.

பாடும் மண்டபம்

சில அடிகள் நடந்தால் மூன்றாம் குகை. இது சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். முன்தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலைகள் நிற்கின்றன. உள்ளே இருபுறமும் தூண்வரிசை. கோடியில் வழிபாட்டுக்குரிய கல் தூபி. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இம்மண்டபம் உருவானதாகக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

மண்டபத்தின் நீளம் சுமார் 26 மீட்டர். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வாயிலருகே எழுப்பிய ஒலி கோடிச் சுவரில் பட்டுத் திரும்ப 52 மீட்டர் செல்ல வேண்டும். அதற்கு 0.15 விநாடி ஆகும். எதிரொலி தனியாகக் கேட்க 0.1 விநாடி இடைவெளி போதும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே இங்கு எதிரொலி எழுவதில் வியப்பில்லை. மேலும், கல் ஒலியை மிகக் குறைவாகவே உட்கவரும். சுவரிலும் தூண்களிலும் வளைந்த கூரையிலும் ஒலி மீண்டும் மீண்டும் பட்டுத் தெறித்து எதிர்முழக்கமாக நீடிக்கிறது. விரைவாகப் பேசினால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். நிறுத்தி நீட்டி ஓதினாலோ ஓசை நிறைந்து ஒலிக்கும்.

மலைச்சரிவின் வாய்க்கால்கள்

இனி நம் வினாவிற்கு வருவோம். பாறையில் வெட்டிய படிகளில் மேலே ஏறும்போது பாதங்களின் அருகே கவனியுங்கள். சரிவெங்கும் விரல் அகலத்திலும் கை அகலத்திலும் சிறு வாய்க்கால்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சென்றால் அனேகமாக ஒவ்வொரு குகையின் முற்றத்திலும் ஒரு சதுரத் துவாரத்தில் போய் முடிவதைக் காணலாம். அந்தத் துவாரத்தின் கீழே பாறைக்குள் குடைந்த நீர்த்தொட்டி இருக்கிறது. இங்குள்ள பிராகிருதக் கல்வெட்டுகள் இதனைப் ‘பானீய போடி’, அதாவது குடிநீர்த் தொட்டி என்று குறிப்பிடுகின்றன.

மும்பைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மழைக்காலத்து மூன்று மாதங்கள் பிக்குகள் ஊர் ஊராகச் செல்லாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது புத்த சங்கத்தின் விதி. அந்த மாதங்களில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் தங்கியிருப்போருக்கு எஞ்சிய எட்டு மாதங்களே சோதனைக் காலம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக 1 லிட்டர் நீர். எனவே கன்ஹேரியில் ஒவ்வொரு சதுர மீட்டர் பாறையும் ஆண்டுக்கு 2,200 லிட்டர் நீரைப் பெறுகிறது.

ஒரு பிக்குவுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தேவை என்று கொள்வோம். மழையற்ற 240 நாட்களுக்கு 2,400 லிட்டர். இரண்டு பேர் தங்கும் ஒரு குகைக்கு 4,800 லிட்டர். சற்றுத் தாராளமாக 6,000 லிட்டர், அதாவது 6 கன மீட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். 2 மீட்டர் நீளம், 1½ மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள தொட்டி இதற்குப் போதும்.

இதை நிரப்ப எவ்வளவு பாறைப் பரப்பு வேண்டும்? பெய்யும் மழையில் பாதி வீணாகிறது என்றே வைத்துக்கொண்டாலும் சதுர மீட்டருக்கு 1,100 லிட்டர் கிடைக்கும். 6,000 லிட்டருக்கு 5½ சதுர மீட்டர் போதும். மூன்று கட்டில்களை நெருக்கிப் போட்டால் அடையும் இடம், அவ்வளவுதான்!

இப்போது மற்றொரு கணக்கைப் போடுங்கள். எரிமலைப் பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 டன். 6 கன மீட்டர் தொட்டியைக் குடைய 6 × 2.8, அதாவது கிட்டத்தட்ட 17 டன் கல்லை உளியால் சிறுகச் சிறுகப் பெயர்த்து, குறுகிய வாய் வழியே வெளியேற்ற வேண்டும்.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கன்ஹேரியில் மழை தாராளமாகக் கிடைத்தது. கிடைப்பதற்கு அரிதாக இருந்தது அதைப் பிடித்து வைக்கும் இடமே. அதனால்தான் நீர்த்தொட்டி வெட்டித் தருவது குகை வெட்டித் தருவதைப் போலவே பெரிய தருமமாகக் கருதப்பட்டது. அக்காலத் துறைமுக நகரங்களான சோபாரா, கல்யாண் முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் கொடையளித்துத் தம் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். குகையுடன் தொட்டியையும் சேர்த்தே தானமாக எழுதிய கல்வெட்டுகளும் உண்டு.

தொட்டி ஏன் பாறைக்குள்?

திறந்த குளமாக வெட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். வெயிலும் காற்றும் படும் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். 240 நாட்களில் இது 1,200 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் ஆழத் தொட்டியில் பாதிக்கு மேல் யாரும் குடிக்காமலேயே மறைந்துவிடும்!

பாறைக்குள் இருக்கும் தொட்டியில் நிலைமை வேறு. நீரின்மேல் உள்ள காற்று அசையாமல் அடைந்து கிடக்கிறது. சிறிதளவு நீர் ஆவியானதும் அந்தக் காற்று பூரித நிலையை அடைகிறது. அதன்பின் எத்தனை மூலக்கூறுகள் நீரைவிட்டு வெளியேறுகின்றனவோ, ஏறத்தாழ அத்தனை மூலக்கூறுகள் நீருக்குத் திரும்பி வருகின்றன. வாய் குறுகலாக இருப்பதால் வெளிக்காற்று வந்து ஈரக்காற்றை அகற்றுவதும் குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. பாசி வளர ஒளி வேண்டும். இருட்டில் ஒளிச்சேர்க்கை நடைபெறாது; ஆகவே நீர் பச்சை படிவதில்லை.

கல்லுக்குள் குளிர்ச்சி

பதினோராம் குகைக்குள் நுழைவோம். இதை தர்பார் மண்டபம் என்று அழைக்கிறார்கள். நீண்ட மண்டபம், அதில் இரண்டு தாழ்வான நீண்ட கல்திண்ணைகள், ஓரங்களில் சிறு அறைகள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அறைக்குள் இதமாக இருக்கிறது. காரணம் என்ன?

பகலில் பாறையின் மேற்பரப்பு சூடாகிறது, இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலைபோலப் பாறைக்குள் மெல்லப் பரவுகிறது. ஆனால் ஆழம் செல்லச் செல்ல அது தேய்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். அரை மீட்டர் ஆழத்தில் எஞ்சுவது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மேற்பரப்பில் பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தாலும் அங்கே அது ஒன்றரை டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அதுவும் சுமார் அரை நாள் தாமதமாகவே வந்து சேரும். பல மீட்டர் பாறையைக் கூரையாகக் கொண்ட அறை, பகல் வெயிலை அறியாததுபோல் இருப்பதற்கு இதுவே காரணம். தொட்டி நீரின் குளிர்ச்சிக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

துளி விழுவதும் வழிவதும்

மழையைப் பிடிப்பது எவ்வளவு அவசியமோ, குகைக்குள் அது வராமல் தடுப்பதும் அவ்வளவு அவசியம். டம்ளரில் நிறைய நீர் எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நீர் நேராகக் கீழே விழாமல் டம்ளரின் வெளிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வழியும். நீருக்கும் உலோகத்திற்கும் உள்ள ஒட்டு விசையும், நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து செய்யும் வேலை இது. பாறையிலும் இவ்வாறே மழைநீர் முகப்பின் விளிம்பைக் கடந்து, கூரையின் அடிப்பக்கமாக ஊர்ந்து குகைக்குள் வந்துவிடும்.

வழியில் ஒரு வாய்க்காலையோ கூரிய விளிம்பையோ வெட்டிவிட்டால் நீர் அதைத் தாண்டிச் செல்ல இயலாமல் திசைமாறி ஓடும், அல்லது துளியாகிக் கீழே விழும். கன்ஹேரியில் முகப்புகளுக்கு மேலே வெட்டப்பட்ட வாய்க்கால்கள் நீரைப் பக்கவாட்டில் திருப்பித் தொட்டிக்கு அனுப்புகின்றன. இலங்கையில் மிகிந்தலையில் உள்ள பிக்குகளின் குகைகளிலும், மதுரை அருகே மாங்குளம் போன்ற இடங்களில் உள்ள சமண முனிவர்களின் குகைத்தளங்களிலும் இதற்காகவே நெற்றியில் காடி வெட்டியிருப்பதைக் காணலாம். சமயமும் நாடும் வேறானாலும் நீரின் குணம் ஒன்றுதானே!

மலையுச்சியில்

தொண்ணூறாம் குகையில் கி.பி. 1009, 1021 ஆம் ஆண்டுகளில் வந்து சென்ற பார்சிகள் பகலவி எழுத்தில் பொறித்த குறிப்புகள் உள்ளன. அன்றும் இது பலர் நாடி வந்து பார்த்த இடம் என்பதற்கு இவை சான்று.

உச்சியில் நின்று நாற்புறமும் பார்த்தால் பச்சைக் காடு விரிந்து கிடக்கிறது. இதே குன்றுகளுக்கு இடையில் மும்பையின் குடிநீருக்காக 1860இல் விகார் ஏரியும் 1879இல் துளசி ஏரியும் அமைக்கப்பட்டன. விகார் என்னும் பெயரும் புத்த விகாரையை நினைவூட்டுகிறது. இன்று இந்த ஏரிகளின் நீர் மும்பையின் தேவையில் சிறு பங்குதான். பெரும்பகுதி வெகு தொலைவிலுள்ள அணைகளிலிருந்து குழாய்களில் வருகிறது.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. விகார் ஏரி முதலியவற்றின் உபரிநீரைக் கொண்டு செல்லும் மித்தி ஆறு கரை புரண்டது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆற்றின் வழியைக் கட்டடங்கள் நெருக்கியிருந்ததும், நீர் தங்கவும் வடியவும் இடம் குறைந்திருந்ததும் சேதத்தைப் பெருக்கின. மலைமேல் ஒருவனுக்கு எட்டு மாதக் குடிநீரான அதே பருவமழைதான் கீழே வெள்ளமாயிற்று.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு அல்லது பள்ளியின் மொட்டை மாடியை நாடாவால் அளந்து, பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிடுங்கள். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். பரப்பை 900 ஆல் பெருக்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் லிட்டர் அளவு தெரியும். 50 சதுர மீட்டர் மாடிக்கு இது 45,000 லிட்டர். பின்னர் உங்கள் வீட்டில் உள்ள தொட்டிகள் அனைத்தும் சேர்ந்து எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கணக்கிடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உங்களைத் திகைக்க வைக்கும்.

அந்த மிகுதி நீரைத் தாங்கக்கூடிய பெரிய தொட்டி நம் காலடியில் உள்ள நிலமே. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கமும் அதுவே. உங்கள் வீட்டு மாடிக் குழாய் மழைநீரை எங்கே கொண்டு விடுகிறது? நிலத்துக்குள்ளா, தெருச் சாக்கடைக்கா? அடுத்த மழைக்கு முன் அதைத் தொடர்ந்து சென்று பார்த்துவிடுங்கள். மணலும் சருகும் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கன்ஹேரியிலும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் இதைச் செய்திருக்க வேண்டும்.