எங்க மணல் உங்ககிட்ட இருக்கு சார்!

சென்னையில் ஒருவரை எடைபோட ஜாதகமோ சம்பளச் சீட்டோ தேவையில்லை. வீடு எங்கே என்று கேட்டால் போதும். 'அடையாறு' என்றால், "பரவாயில்லையே!" என்பார்கள். 'தாம்பரம்' என்றால், "தினமும் ட்ரெயினா? பாவம்!" என்பார்கள். 'காசிமேடு' என்று சொல்லிப் பாருங்கள். ஒரே எழுத்துதான் பதில். "ஓ..."

இந்த 'ஓ'வில் பல ரகம். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரின் 'ஓ'வில் கொஞ்சம் பயம் தெரியும் (உபயம்: தமிழ் சினிமா). லோன் கொடுக்க வந்தவரின் 'ஓ'வுக்குப் பின்னால் பேனா மூடுகிற சத்தம் கேட்கும். சாப்பாட்டுப் பிரியரின் 'ஓ' மட்டும் தனி ஜாதி. "அப்ப ஞாயித்துக்கிழமை ரெண்டு கிலோ வஞ்சிரம்..." என்று இழுக்கும்.

நான் பிறந்தது, வளர்ந்தது, இப்போது குடியிருப்பது எல்லாமே காசிமேடுதான். வேலை அண்ணா சாலையில், கணக்குப் பிரிவில். காலை எட்டு மணிக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பும்போது, எங்கள் ஏரியா ஒரு முழுநாள் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும். "இன்னா தம்பி, இப்பதான் விடிஞ்சுதா?" என்று கிண்டல் வேறு!

அவர்கள் சொல்வதும் நியாயம்தான். 1984-லிருந்து இயங்கும் மீன்பிடித் துறைமுகம் இது. பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் போனால் பட்டப்பகல் மாதிரி விளக்கு. படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் விடுபவர் பேசும் வேகத்துக்கு எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் கூட ஈடு கொடுக்க முடியாது. ஹோட்டல்காரர், வெளியூர் லாரிக்காரர், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் ஆயா எல்லோரும் ஒரே வட்டத்தில் நின்று கையை உயர்த்துவார்கள். நீங்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் விலை இங்கே முடிவாகிவிடும்.

வருகிறவர்களுக்கு ஒரு இலவச டிப்ஸ். விலை கேட்பதற்கு முன் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் சதை எழும்ப வேண்டும். இந்த மூன்றும் சரி என்றால் பேரத்தை ஆரம்பிக்கலாம். பேரத்தில் ஜெயிப்பது... அது உங்கள் ஜாதக பலன்.

ஆனால், வருஷம் முழுக்க இந்தக் கூத்து கிடையாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-ல் 45 நாளாக ஆரம்பித்த தடை, 2017-லிருந்து 61 நாள். அப்போது ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். 'வஞ்சிரம் என்ன தங்கமா?' என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அந்த இரண்டு மாசம் இங்கே நடப்பதை யோசித்துப் பாருங்கள். வலையைச் சரிபார்க்க வேண்டும், படகுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், இன்ஜினைப் பிரித்து மாட்ட வேண்டும். எல்லாமே செலவு. வரவு நிவாரணத் தொகை மட்டும். ஒன்றாம் தேதி சம்பளம் ஒருநாள் தள்ளிப்போனால் நம் ஆபீஸில் எத்தனை பேர் முகம் கறுக்கிறது?

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

சாயங்காலம் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவீர்கள். 'அடேயப்பா, என்னா பெரிய பீச்!' என்று வெளியூர் மாமாவிடம் பெருமை அடித்துக்கொள்வீர்கள். அந்த மணலில் ஒரு பங்கு எங்களுடையது, சார்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம் கடற்கரையில் அலைகள் மணலை ஒரு இடத்தில் சும்மா கிடக்க விடாது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர்கள் 1881 புயலில் அடிவாங்கின, மறுபடி கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர் மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே அடித்த அலை விலகிப் போனது. மெரினா அகலமானது.

வடக்கே? வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போனது. ராயபுரத்துக்கு வடக்கே கரையும் வீடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போயின. லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். உங்களுக்குக் கால் புதையும் மணல், எங்களுக்குக் கால் இடறும் கல்!

மணல் மட்டுமா? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில், கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கோர்ட் உத்தரவால் 2011-ல் அது நின்றது. அப்பாடா என்றோம். நிலக்கரி எங்கே போனது தெரியுமா? இன்னும் வடக்கே, எண்ணூருக்கு! அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையமும் சாம்பலும் இருந்தன. நகரத்துக்கு வேண்டாதது எதுவானாலும் அதற்கு ஒரே திசைதான் தெரியும் போலிருக்கிறது.

2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அந்தக் கறுப்புக் குழம்பை வாளியில் மொண்டு எடுத்தவர்களை டி.வி.யில் நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். மீன் செத்தது. படகும் வலையும் பாழானது. மறுபடியும் கையால்தான் அள்ளினார்கள்.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ டிரைவரின் மகள். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் காசிமேடு என்றால் டாக்ஸிக்காரர் ட்ரிப்பை கேன்சல் செய்துவிடுகிறார். கேரம் போர்டில் காய் தள்ளுகிற மாதிரி!

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், எனக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒரு இடம் கூடி வந்தது. பெண்ணுக்கும் சம்மதம். அவர் அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வீடு பார்த்துடுங்க மாப்ளே. அங்கே எல்லாம் எப்படி..." அதே 'ஓ'வுக்கு விளக்க உரை!

அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "நல்லாருக்குதுடா நியாயம்! கடல் ஒரு பக்கம் அரிக்குது. நீ ஒரு பக்கம் அரிக்கிறியா?"

எனக்கும் அதேதான் தோன்றியது. மணல் தெற்கே நின்றுவிட்டது. ஆளுமா தெற்கே போய் நிற்க வேண்டும்? படித்து, சம்பளம் வாங்கி, நாலு பேர் மாதிரி ஆனதும் முதல் வேலையாக ஊரைக் காலி செய்வதுதான் முன்னேற்றமா? அப்படி ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டால், அடுத்த முறை எண்ணெய் கொட்டினால் கேள்வி கேட்டுப் பெட்டிஷன் எழுத யார் இருப்பார்கள்?

வருங்கால மாமனாருக்குப் போன் செய்தேன். "வீடு மாத்தறதைப் பத்தி அப்புறம் பேசலாம் மாமா. ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

வந்தார். காரை விட்டு இறங்கும்போதே மூக்கில் கர்ச்சீப். ஏலக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த மீன்காரக்கா விடுவாரா? "வா சார், மூக்கை மூடிக்கினா வவ்வாலு எப்படித் தெரியும்? செவுளைத் தூக்கிப் பாரு, குங்குமம் மாதிரி கீது!" என்றார். அரை மணி நேரம் பேரம். கடைசியில் அதே கர்ச்சீப்பால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று நாள் கழித்துப் பெண்ணிடமிருந்து போன். பயந்துகொண்டே எடுத்தேன்.

"அப்பா வேளச்சேரி பேச்சையே எடுக்கறதில்லைங்க."

"பின்னே?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நெத்திலி கிடைக்குமான்னு கேக்கறார்!"