திசைவேகமும் குறியும்: பாய்ம ஓட்டக் கணிப்பில் ஒரு சொல்லாக்கச் சிக்கல்

கொச்சி முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் நாள்தோறும் இருமுறை உட்புகுந்து இருமுறை வெளியேறுகிறது. உட்புகும் நீரை வில்லிங்டன் தீவின் மேற்கே மட்டாஞ்சேரி வாய்க்காலும் கிழக்கே எர்ணாகுளம் வாய்க்காலும் பகிர்ந்துகொள்கின்றன. இத்தகைய ஓட்டத்தைக் கணிப்பொறியில் உருவகப்படுத்தும் மென்பொருள், கணக்கீடு தொடங்குமுன் நீர்ப்பரப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எத்திசையில் எவ்வளவு விரைந்து இயங்குகிறது என வினவும். அவ்வினாவைத் தமிழில் எவ்வாறு அமைப்பது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திசை கருதாத அளவை ‘வேகம்’ என்றும் திசையுடைய அளவைத் ‘திசைவேகம்’ என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது ‘கதி’, பின்னதே ‘வேகம்’. மட்டாஞ்சேரியில் வழங்கும் மலையாளத்தில் பின்னது ‘ப்ரவேகம்’. எனவே ‘தொடக்க வேகக் கூறுகள்’ என்னும் தொடர் யாழ்ப்பாணத்து மாணவர்க்குப் பொருந்தும். மதுரை மாணவரை இடறச் செய்யும். அவர் அறிந்த வேகத்திற்குக் கூறுகள் இல்லை. அது எதிர்க்குறி ஏற்பதுமில்லை.

இது வெறும் சொற்பூசல் அன்று. கிழக்கையும் வடக்கையும் நேர்க்குறித் திசைகளாகக் கொள்வோம். மட்டாஞ்சேரி வாய்க்காலில் ஏற்றத்தின்போது நீர் தென்கிழக்காக நொடிக்கு 0.5 மீட்டர் செல்வதாயின், கிழக்குக் கூறு ஏறத்தாழ +0.35, வடக்குக் கூறு −0.35. ‘வேகம்’ என்ற சொல்லை நம்பிக் குறியை விடுபவரின் கணக்கில் நீர் வடகிழக்கே திரும்பித் தீவின் கரையில் மோதும். எல்லையில் ஓத மதிப்புகள் செம்மையாக இருப்பின் இப்பிழை காலப்போக்கில் கரையும் என்பது உண்மையே. ஆயினும் அதுவரை பெறும் விடைகள் பயன்படா. ஏற்றம் என்றவுடன் நேர்க்குறி எனக் கருதுவதும் தவறே. இங்கு ஏற்றத்தின் வடக்குக் கூறு எதிர்க்குறி உடையது அன்றோ!

‘தொடக்கம்’ என்பதும் கருதத்தக்கது. பள்ளி இயக்கவியலில் அது ஒரு பொருளின் ஒரு மதிப்பு. இங்கோ பரப்பு முழுவதற்கும் உரியது. ஓப்பன்ஃபோம் மென்பொருளில் ‘0’ எனப் பெயரிட்ட கோப்புறையில் உள்ள ஒரே கோப்பு, உட்பரப்பின் தொடக்க மதிப்பையும் எல்லை மதிப்பையும் தனித்தனியே தருகிறது. இரண்டையும் ‘ஆரம்ப மதிப்பு’ என மொழிபெயர்ப்பது அப்பிரிவையே அழித்துவிடும்.

தமிழ்நாட்டுப் பயனர்க்குத் ‘தொடக்கத் திசைவேகக் கூறு’, இலங்கைப் பயனர்க்குத் ‘தொடக்க வேகக் கூறு’ என இரு வடிவங்களைப் பேணுவதே தகும். இரண்டிலும் அச்சின் பெயரோடு ‘குறியுடன் தருக’ என்ற குறிப்பும் இடம்பெறல் வேண்டும்.